எக்ஸ்11-ஆ, வேலாண்டா? சேலத்து டிடிபி கடைக்கு ஒன்று, ஏற்காட்டு ஹோம்ஸ்டேவுக்கு வேறொன்று

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்புகள் நின்றுபோயின. சேலம் கலெக்டர் ஆபீஸ் பக்கத்திலும் ஐந்து ரோடு பக்கத்திலும் டிடிபி, ஜெராக்ஸ் கடைகளில் நான் பார்க்கிற பெட்டிகள் பலவற்றில் விண்டோஸ் 11 கேட்கும் பிராசசரும் இல்லை, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் இல்லை. நன்றாக ஓடுகிற பெட்டியைத் தூக்கிப்போட மனம் வராதவர்கள் லினக்ஸ் போடலாமா என்று கேட்கிறார்கள். உபுண்டுவா மின்ட்டா என்று அவர்களுக்கு ஆலோசனை சொல்ல ஊரில் ஆள் உண்டு. அதற்கும் அடியில் இருக்கிற கேள்வியை யாரும் எடுப்பதில்லை. திரை, கீபோர்டு, மவுஸ் மூன்றையும் கட்டி மேய்க்கப்போவது பழைய எக்ஸ்11-ஆ, புதிய வேலாண்டா?

பொதுவாகப் பேசினால் இதற்கு விடை வராது. அதனால் நான் முடிவு செய்யவேண்டியிருந்த இரண்டு இடங்களை வைத்தே சொல்கிறேன். ஒன்று, என் சித்தப்பாவின் டிடிபி கடை. திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் மனு அடிக்க வரிசை நிற்கும். மற்ற நாட்களில் கல்யாணப் பத்திரிகை, பில் புத்தகம், துண்டுப் பிரசுரம். இன்னொன்று, ஏற்காட்டில் எங்கள் குடும்பத்துக்குத் தெரிந்தவர் நடத்தும் சின்ன ஹோம்ஸ்டே. வரவேற்பு மேஜையில் ஒரே ஒரு லேப்டாப். ராத்திரியானால் அதையே ஹாலில் இருக்கும் டிவியில் மாட்டிப் படம் போடுவார்கள்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கடைக்கு எக்ஸ்11, மலைக்கு வேலாண்ட். விசையைத் தட்டினால் தமிழ் எழுத்து எந்த வழியாக வருகிறது, தகராறு என்றால் தூரத்திலிருந்து எப்படிச் சரிசெய்வது, எத்தனை திரை மாட்டப்போகிறோம் என்ற மூன்றைத்தான் பார்த்தேன். எது நவீனம் என்பதை நான் கணக்கில் எடுக்கவே இல்லை.

எக்ஸ் 1984-இல் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் பிறந்தது. அதன் பதினோராவது பதிப்பு 1987 செப்டம்பரில் வந்தது. இன்றும் ஓடுவது அதே நெறிமுறைதான், மேலே ஒட்டுமேல் ஒட்டாக நீட்டிப்புகள். வேலாண்டை 2008-இல் ரெட் ஹேட்டில் வேலை பார்த்த கிறிஸ்டியான் ஹோக்ஸ்பெர்க் தொடங்கினார், 1.0 பதிப்பு 2012-இல் வந்தது. இதில் முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று. எக்ஸ்11 என்றால் எக்ஸ்.ஆர்க் என்ற ஒரே சர்வர் நிரல்தான் எல்லா டெஸ்க்டாப்புக்கும் (ஜன்னல், மெனு எல்லாம் தரும் முகப்பு மென்பொருள்). வேலாண்ட் என்பதோ வெறும் பேச்சு ஒப்பந்தம். க்னோம் என்ற டெஸ்க்டாப் அதைத் தன் போக்கில் செயல்படுத்துகிறது, கேடிஇ என்ற டெஸ்க்டாப் தன் போக்கில். ஆகவே 'வேலாண்டில் தமிழ் வேலை செய்யுமா' என்று ஒருவர் கேட்டால், 'எந்த டெஸ்க்டாப்பில்' என்று நாம் திருப்பிக் கேட்டே ஆக வேண்டும்.

கீபோர்டில் ஒரு விசையைத் தட்டியதும் நடப்பதில் முதல் பாதி இரண்டுக்கும் பொது. இயங்குதளத்தின் மையமான கெர்னல் அந்தத் தட்டலை ஒரு எண்ணாக்கிக் கொடுக்கிறது. லிப்இன்புட் என்ற நூலகம் அதை வாங்கிக்கொள்கிறது. டச்பேடில் விரல் வைத்ததா, உள்ளங்கை பட்டதா என்று பிரிப்பதும் அதன் வேலை. இன்றைய எக்ஸ்.ஆர்க் நிறுவல்களும் பெரும்பாலும் லிப்இன்புட்டைத்தான் பயன்படுத்துகின்றன. ஆகவே வேலாண்டுக்கு மாறினால் மவுஸ் வழுக்கிக்கொண்டு ஓடும் என்று சொல்கிறவர்களை நான் அவ்வளவாக நம்புவதில்லை. மூன்று விரல் சைகைகள் மட்டும் வேலாண்டில் விரலோடு ஒட்டியே நகரும். அது உண்மையிலேயே நன்றாக இருக்கும்.

பிரிவது அதற்கு அடுத்த படியில். எக்ஸ்11-இல் எல்லா செயலிகளும் ஒரே சர்வரோடு பேசுகின்றன, ஒன்றை ஒன்று தடுக்கும் சுவர் கிடையாது. முன்பு வீடுகளில் ஒரே லைனில் கூடத்தில் ஒரு போன், மாடியில் ஒரு போன் இருக்குமே, அந்தக் கதைதான்: கீழே பேசுவதை மேலே ரிசீவரை எடுத்துக் கேட்கலாம். உலாவியில் நீங்கள் அடிக்கும் கடவுச்சொல்லைப் பக்கத்து ஜன்னலில் ஓடும் ஒரு நிரல் படிக்கலாம், திரையைப் படம் பிடிக்கலாம், நீங்கள் தட்டாத விசையைத் தட்டியதாகக் காட்டலாம். இதற்கு நிர்வாகி அனுமதி எதுவும் தேவையில்லை. வேலாண்டில் எந்த ஜன்னல் முன்னே இருக்கிறதோ அதற்கு மட்டும்தான் விசை போய்ச்சேரும். திரையைப் பகிர வேண்டுமானால் கணினி உங்களைக் கேட்கும், நீங்கள் சரி என்றால்தான் படம் பைப்வயர் என்ற இடைநிரல் வழியாக வெளியே போகும்.

இந்த ஒரு காரணத்துக்காகவே எல்லாரும் வேலாண்டுக்கு மாறியாக வேண்டும் என்பவர்கள் உண்டு. ஓரளவு நியாயம்தான். ஆனால் உங்கள் கணக்கில் ஒரு கெட்ட நிரல் ஏற்கெனவே ஓடுகிறது என்றால், அது உங்கள் கோப்புகளைத் திருடும், உலாவியின் அமைப்புகளைத் தொடும், அடுத்த முறை நுழையும்போது தானே இயங்கும்படி வைத்துக்கொள்ளும். இதில் எதையும் திரையை நடத்தும் டிஸ்பிளே சர்வர் தடுக்காது. கடையில் கண்டவர் பென் டிரைவைச் செருகுகிறார் என்றால் முதலில் வாடிக்கையாளருக்குத் தனிக் கணக்கு போடுங்கள். வேலாண்ட் விவாதம் அப்புறம்.

இப்போது தமிழ். கடையில் தட்டச்சு செய்கிற அக்கா அரசுத் தட்டச்சுத் தேர்வு எழுதித் தேறியவர். விரலெல்லாம் பழைய டைப்ரைட்டர் விசைப்பலகை. கூட வேலை செய்யும் பையன் தமிழ்99. லினக்ஸ் பேச்சை எடுத்ததுமே அக்கா ஒரே நிபந்தனைதான் போட்டார்: "தம்பி, எதை வேணும்னாலும் மாத்திக்கோ, என் கையை மாத்தச் சொல்லாதே."

யூனிகோடுக்கு முந்திய எழுத்துருக்களில் அடிப்பவர்களுக்கு இந்தக் கட்டுரையே தேவையில்லை. அங்கே கணினிக்குத் தெரிவது ஆங்கில எழுத்துகள்தான். எழுத்துரு அவற்றைத் தமிழாகக் காட்டுகிறது. எக்ஸ்11, வேலாண்ட் எதிலும் ஓடும். ஆனால் தமிழக அரசு 2010-லேயே யூனிகோடை ஏற்றுக்கொண்டது. இணையத்தில் ஏற்றுகிற மனுவும் வாட்ஸ்ஆப்பில் அனுப்புகிற பத்திரிகையும் யூனிகோடில்தான் இருந்தாக வேண்டும்.

யூனிகோடில் அடிக்க லினக்ஸில் இரண்டு வழி. எக்ஸ்கேபி என்ற விசை வரைபடம் முதலாவது: ஒரு விசைக்கு ஒரு எழுத்து, அவ்வளவுதான். இதில் தமிழ் இன்ஸ்கிரிப்டும் தமிழ்நெட் 99-உம் இருக்கின்றன. டிஸ்பிளே சர்வரோடு ஒட்டியே இருப்பதால் எந்த அமர்விலும் (எக்ஸ்11 ஆனாலும் வேலாண்ட் ஆனாலும்), எந்தச் செயலியிலும் கண்ணை மூடிக்கொண்டு அடிக்கலாம். ஆனால் அதற்கு முந்தைய எழுத்து எது என்று தெரியாது. தமிழ்99-இன் அழகே முந்தைய எழுத்தைப் பார்ப்பதில்தான் இருக்கிறது. க இரண்டு முறை தட்டினால் முதல் க-வுக்குத் தானாகப் புள்ளி விழ வேண்டும். ம-வுக்குப் பின் ப வந்தால் ம்ப ஆக வேண்டும். டைப்ரைட்டர் முறையில் இன்னொரு சிக்கல்: அங்கே கொம்பை முதலில் அடித்துவிட்டு மெய்யை அடிப்பார்கள், யூனிகோடில் வரிசை நேர்மாறு. இவற்றுக்கெல்லாம் இடையில் ஒரு உள்ளீட்டு முறை உட்கார்ந்து எழுத்தைத் திருத்திக் கொடுக்க வேண்டும். எம்17என் என்ற உள்ளீட்டு முறைத் தொகுப்பில் தமிழ்99, டைப்ரைட்டர், ஒலிப்பு முறை எல்லாம் உண்டு. ஐபஸ் அல்லது ஃபைட்டிக்ஸ் 5 என்ற நிரல் அவற்றை ஓட்டும்.

எக்ஸ்11-இல் இது பல ஆண்டுகளாகத் தேய்ந்து பழகிய தடம். உள்நுழையும்போது மூன்று சூழல் மாறிகள் அமைந்துவிட்டால் போதும், லிப்ரே ஆபீஸ், ஃபயர்ஃபாக்ஸ், ஸ்கிரைபஸ், இன்க்ஸ்கேப் எல்லாம் ஐபஸோடு பேசத் தொடங்கிவிடும். மின்ட்டில் அந்த அமைப்பைக்கூட உள்ளீட்டு முறை என்ற ஜன்னலே செய்துதருகிறது.

வேலாண்டில் முறைப்படி செயலி நேராக ஐபஸிடம் போகாது. செயலி, ஜன்னல்களைத் திரையில் அடுக்கித் தரும் கம்போசிட்டர் என்ற நிரலிடம் சொல்லும், கம்போசிட்டர் உள்ளீட்டு முறையிடம் கேட்டு எழுத்தை வாங்கித் தரும். வடிவமைப்பாகப் பார்த்தால் இதுதான் சுத்தமானது. தொல்லை என்னவென்றால் இந்தப் பேச்சுக்கான நெறிமுறையில் பல பதிப்புகள் உண்டு, எல்லாரும் ஒரே பதிப்பைப் பேசுவதில்லை. க்னோமில் ஐபஸ் டெஸ்க்டாப்போடு பிணைந்தே வருகிறது, அமைப்புகளில் கீபோர்டு பகுதியில் தமிழைச் சேர்த்தால் வேலை முடிந்தது. கேடிஇ பிளாஸ்மாவில், கீபோர்டு அமைப்புகளுக்குள் 'விர்ச்சுவல் கீபோர்டு' என்ற பக்கத்தில் போய் ஃபைட்டிக்ஸையோ ஐபஸையோ தேர்ந்தெடுக்க வேண்டும். பெயரைப் பார்த்து, இது தொடுதிரைக்கு உள்ளது என்று எல்லாரும் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். பிறகு ஒரு செயலியில் தமிழ் வருகிறது, இன்னொன்றில் வரவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொள்கிறார்கள். குரோமும் அதன் மேல் கட்டிய செயலிகளும் பதிப்புக்குப் பதிப்பு வேறு மாதிரி. எக்ஸ்11 செயலிகளை வேலாண்டில் ஓட்டும் எக்ஸ்வேலாண்ட் என்ற பாலத்தின் வழியே ஓடினால் பழைய முறையில் தமிழ் வரும், நேராக வேலாண்டில் ஓடினால் சில பதிப்புகளில் தனியாக ஒரு தேர்வை இயக்கிவிட வேண்டியிருக்கும்.

சீன, ஜப்பானிய மொழிக்காரர்களுக்கு எழுத்துத் தேர்வுப் பெட்டி வேறு எங்கேயோ போய் நிற்கும் தொல்லையும் சேர்ந்து உண்டு. நமக்கு அந்தப் பெட்டியே வேண்டாம் என்பதால் அந்தமட்டில் தப்பித்தோம்.

திங்கட்கிழமை காலையில் ஆள் நிற்கும்போது 'இந்தச் செயலியில் மட்டும் தமிழ் வரலை' என்ற பேச்சுக்கு இடமே இருக்கக்கூடாது. கடைக்கு எக்ஸ்11 என்று முடிவு செய்ததில் பாதிக் காரணம் இதுதான்.

மீதிப் பாதி சில்லறைக் காரணங்கள், ஆனால் சேர்த்தால் கனமானவை. கடையில் ஒரு பெட்டியில் என்விடியா ஜிடி 710 கார்டு இருக்கிறது. அதற்கு என்விடியாவின் 470 வரிசை டிரைவர்தான் கடைசி. வேலாண்ட் கம்போசிட்டர்கள் எதிர்பார்க்கும், திரைப் படத்துக்கு நினைவகம் ஒதுக்கும் ஜிபிஎம் வசதியை என்விடியா தந்ததோ 2021-இல், 495 டிரைவரிலிருந்து. நூவோ என்ற திறமூல டிரைவரைப் போட்டு வேலாண்டை ஓட்டலாம்தான். ஓடிக்கொண்டிருக்கிற பெட்டியில் அந்தப் பரிசோதனை எதற்கு? அடுத்து, ஒரே முகவரியைப் பல படிவங்களில் நிரப்ப, தானாக விசை தட்டும் எக்ஸ்டுடூல் என்ற கருவியை வைத்துச் சின்ன ஸ்கிரிப்ட் ஒன்று ஓடுகிறது. வேலாண்டில் அது எக்ஸ்வேலாண்ட் ஜன்னல்களை மட்டும்தான் தொடும். ஒய்டுடூல் என்று ஒன்று கெர்னல் மட்டத்தில் விசை தட்டும், ஆனால் எந்த ஜன்னல் எங்கே இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. அப்புறம் நிறம். பத்திரிகைக்கு அட்டை வடிவமைக்கிறவர்கள் திரையின் நிறத்தை அளவுக்கருவி வைத்துச் சரிசெய்ய எக்ஸ்11-இல்தான் பழைய கருவிகள் ஒழுங்காக ஓடுகின்றன. வேலாண்டின் நிற மேலாண்மை நெறிமுறையே 2025 பிப்ரவரியில்தான் ஏற்கப்பட்டது. செயலிகள் எல்லாம் அதைப் பிடித்துக்கொள்ள நாளாகும்.

எனவே கடைக்கு லினக்ஸ் மின்ட் 22. ரேம் 4 ஜிபி உள்ள பெட்டிகளில் எக்ஸ்எஃப்சிஇ டெஸ்க்டாப், மற்றவற்றில் சினமன் டெஸ்க்டாப். இரண்டுமே இயல்பாக எக்ஸ்11-இல் வருகின்றன. சினமனின் வேலாண்ட் அமர்வு 2024 ஜனவரியில் சோதனை என்ற பெயரோடுதான் அறிமுகமானது. மின்ட் 22-க்கு 2029 வரை ஆதரவு உண்டு. ஒன்றைச் சொல்ல வேண்டும்: வேலாண்ட் கனம், எக்ஸ்11 லேசு என்று கடைத்தெருவில் பேசிக்கொள்வது சரியில்லை. கனம் டெஸ்க்டாப்பில் இருக்கிறது. ராஸ்பெர்ரி பை-யின் சின்னப் பலகையிலேயே 2024 அக்டோபர் முதல் வேலாண்ட்தான் இயல்பு.

ஏற்காட்டுக்கு வருவோம். அங்கே தமிழில் அடிப்பது வாட்ஸ்ஆப் வெப்பில் இரண்டு வரி, விருந்தினர் பதிவேட்டில் ஒரு வரி. க்னோமும் ஐபஸும் அதற்குத் தாராளம். அங்கே பிரச்சினை திரை. லேப்டாப் புதிது, 14 அங்குலத்துக்குள் நெருக்கமான புள்ளிகள். டிவியோ பெரியது, சாதாரண முழு எச்டி. எக்ஸ்11-இல் எல்லாத் திரைக்கும் ஒரே அளவுமடங்குதான். லேப்டாப்பில் எழுத்து படிக்கும்படி வைத்தால் டிவியில் பட்டன் பூசணிக்காய் அளவுக்கு நிற்கும். டிவிக்குச் சரியாக வைத்தால் லேப்டாப்பைப் பூதக்கண்ணாடியோடு பார்க்க வேண்டும். குறுக்கு வழிகள் உண்டு, ஆனால் ஒவ்வொரு முறையும் எச்டிஎம்ஐ கேபிளைச் செருகி எடுக்கும்போது அந்த அண்ணன் கட்டளை அடித்துக்கொண்டிருக்க மாட்டார். வேலாண்டில் லேப்டாப்புக்கு 150 சதவீதம், டிவிக்கு 100 என்று ஒருமுறை வைத்தால் அடுத்த முறை தானாக நினைவில் இருக்கும். எக்ஸ்வேலாண்ட் வழியே ஓடும் பழைய செயலிகள் மட்டும் கொஞ்சம் மங்கலாகத் தெரியும். வரவேற்பு மேஜைக்கு அது பொருட்டில்லை. ஓடுகிற படம் நடுவில் கிழிந்த மாதிரி தெரிவதும் வேலாண்டில் இல்லை.

ஆனால் மலைக்கு எக்ஸ்11-தான் வேண்டும் என்று சொல்ல வைக்கிற வலுவான காரணம் ஒன்று உண்டு, அதை மறைக்கக்கூடாது. தகராறு என்றால் சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு ஏறிப் போக வேண்டும். கோடை விழா நேரத்தில் அந்தப் பாதையில் வண்டி நகர்வதே பெரிய விஷயம். தூரத்திலிருந்து இயக்குவதில் எக்ஸ்11 போல் வசதியானது இல்லை; உள்நுழையும் திரையைக்கூட எக்ஸ்11விஎன்சி என்ற நிரலை வைத்துப் பார்த்துவிடலாம். வேலாண்டில் அது எடுபடாது. பிரபலமான தொலை இயக்கச் செயலிகளும் வேலாண்டில் ஒவ்வொரு முறையும் அனுமதி கேட்டு நிற்கும், அந்தப் பக்கம் யாராவது சரி என்று தட்ட வேண்டும்.

இதை வைத்து மலைக்கும் எக்ஸ்11 என்று போயிருக்கலாம். போகாததற்குக் காரணம் க்னோமில் 42-ஆம் பதிப்பிலிருந்து உள்ளேயே வரும், தூரத்திலிருந்து திரையை இயக்க உதவும் ஆர்டிபி பகிர்வு. அதை இயக்கிக் கடவுச்சொல் வைத்துவிட்டால், ஆள் உள்நுழைந்திருக்கும்வரை ஒவ்வொரு முறையும் அனுமதி கேட்காது. வரவேற்பு மேஜையில் பகலெல்லாம் யாராவது இருப்பார்கள் என்பதால் இது போதும். இதில் ஒரு பொறி உண்டு: கணினி தானாக உள்நுழையும்படி வைத்தால், கடவுச்சொல் பெட்டகம் பூட்டியே கிடக்கும், ஆர்டிபி தன் கடவுச்சொல்லை எடுக்க முடியாமல் இணைப்பு விழாது. ஆகவே தானாக உள்நுழைவதை நிறுத்திவிட வேண்டும். இரண்டாவது, இந்த ஆர்டிபி வாசலை நேராக இணையத்துக்குத் திறந்துவிடாதீர்கள். வயர்கார்டு போல ஒரு தனி இணைப்புக்குள் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே போட்டது உபுண்டு 24.04. க்னோம் 46, அதற்கும் 2029 வரை ஆதரவு. நுழைவுத் திரையில் பல்சக்கரப் படத்தைத் தட்டினால் எக்ஸ்.ஆர்க் அமர்வும் இருக்கிறது. தேவைப்பட்டால் அந்த அண்ணனிடம் போனில் சொல்லி மாற்றச் சொல்லலாம்.

கேடிஇ பிளாஸ்மாவைப் பற்றி அதிகம் சொல்லவில்லை. நிறம், பல திரை, அளவுமடங்கு என்று வேலாண்டில் இன்று என் கண்ணுக்கு நன்றாகப் படுவது அதுதான். என் சொந்த லேப்டாப்பில் அதைத்தான் வைத்திருக்கிறேன். ஆனால் அமைப்புகளின் கடலில் கடைக்காரரைத் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை.

எக்ஸ்11 எவ்வளவு காலம் தாங்கும் என்ற கேள்வி நியாயமானது. 2025 மே மாதம் வந்த ரெட் ஹேட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 10-இல் எக்ஸ்.ஆர்க் சர்வரே இல்லை. அதே ஆண்டு செப்டம்பரில் க்னோம் 49 தன் எக்ஸ்11 அமர்வை இயல்பில் முடக்கியது, உபுண்டு 25.10-இல் அந்தத் தேர்வு போய்விட்டது. பிளாஸ்மா 6.8 முதல் வேலாண்ட் மட்டுமே என்று கேடிஇ நவம்பரில் அறிவித்தது. எக்ஸ்.ஆர்க்கைப் பிரித்தெடுத்து எக்ஸ்லிப்ரே என்று ஒன்று 2025-இல் கிளம்பியிருக்கிறது; தொழில் நடக்கிற கணினியில் அதை நம்பிப் போட மாட்டேன். மின்ட்டும் டெபியனும்தான் நமக்கு அவகாசம் தருகின்றன. அந்த அவகாசத்தில் கடையில் செய்ய வேண்டிய வேலை சிலது இருக்கிறது. விசை மாற்றங்களை எக்ஸ்11-க்கே உரிய எக்ஸ்மாட்மேப் என்ற கருவியில் எழுதாமல் கீடி என்ற நிரலுக்கு மாற்றிவிட்டோம். அது கெர்னல் மட்டத்தில் வேலை செய்வதால் இரண்டு பக்கமும் ஓடும். படிவம் நிரப்பும் ஸ்கிரிப்டுக்குப் பதில் லிப்ரே ஆபீஸின் மெயில் மெர்ஜில் முடிகிற வேலையை அங்கேயே முடிக்கப் பையனைப் பழக்குகிறோம். எக்ஸ்டுடூலில் புதிதாக எதையும் எழுதுவதில்லை.

நீங்கள் முடிவெடுக்கும் முன் நிறுவாமலே லினக்ஸை ஓட்டிப் பார்க்க உதவும் லைவ் யுஎஸ்பி ஒன்றைப் போட்டு, எம்17என் தொகுப்பைச் சேர்த்துக்கொண்டு, தமிழ்99-இல் 'அக்கம்பக்கம்' என்று அடித்துப் பாருங்கள். அ, க, க, ம, ப, க, க, ம, கடைசியில் மட்டும் புள்ளி விசை. ஒன்பது தட்டலில் சொல் வர வேண்டும். லிப்ரே ஆபீஸில், உலாவியின் முகவரிப் பட்டையில், வாட்ஸ்ஆப் வெப்பில், நீங்கள் வடிவமைக்கும் மென்பொருளின் எழுத்துப் பெட்டியில் என்று எல்லா இடத்திலும் அடித்துப் பாருங்கள். சொல்லின் நடுவில் மவுஸால் வேறு இடத்தில் தட்டிவிட்டு, அடிக்கோட்டோடு நிற்கும் கடைசி எழுத்து அங்கேயே இருக்கிறதா, கூடவே ஓடி வருகிறதா என்றும் கவனியுங்கள். எல்லாம் வேலாண்டிலேயே தேறினால், திரை ஒன்றோ இரண்டோ, எக்ஸ்11-ஐத் தேடிப் போக வேண்டிய அவசியம் உங்களுக்கு இல்லை.